வெள்ளவத்தைப் பிள்ளைகளும் ஆங்கிலச் சொற்பட்டியல்களும்

வெள்ளவத்தையில் காலி வீதியின் இரு மருங்கிலும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியைச் சூழ்ந்த ஒழுங்கைகளிலும், ஆங்கில வகுப்புகளின் விளம்பரப் பலகைகளைக் காணாமற் செல்வது இக்காலத்தில் அரிது. உயர்தரப் பரீட்சையை முடித்த மாணாக்கரும், மேற்படிப்பின் பொருட்டு ஐஈஎல்டிஎஸ் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வோரும், வங்கியிலோ காப்புறுதி நிறுவனத்திலோ நேர்முகத்தேர்வை எதிர்நோக்கியிருப்போரும் மாலை வேளைகளில் அவ்வகுப்புகளை நிறைக்கின்றனர். அவர்களிற் பலருடைய கையில் போட்டோக் கொப்பி எடுத்துக் கோத்த ஒரு சொற்பட்டியல் இருக்கும்: இடப்புறம் அரிய ஆங்கிலச் சொல்லொன்று, நடுவே அதன் வரைவிலக்கணம், வலப்புறம் அதற்கு நேராக ஒற்றைத் தமிழ்ச் சொல். இதனை ஒப்புவிக்கும் அளவிற்கு மனனஞ் செய்துவிட்டால் உயர்ந்த ஆங்கிலம் தானே கைகூடும் என்ற நம்பிக்கை பிள்ளைகளிடத்தும் பெற்றோரிடத்தும் வேரூன்றியிருக்கின்றது. அந்நம்பிக்கை பிழையானது என்பதும், அதனால் நம் பிள்ளைகளின் உழைப்பிற் பெரும்பங்கு விரயமாகின்றது என்பதும் என் துணிபு.

ஓர் உதாரணத்தைச் சற்று அணுகிப் பார்ப்போம். ‘ஸ்ட்ரிஞ்ஜென்ட்’ என்ற சொல்லுக்குப் பட்டியலில் ‘கடுமையான’ என்று பொருள் எழுதப்பட்டிருக்கும்; அது தவறன்று. ஆனால் தமிழிலே சட்டமும் கடுமையானது, வரட்சியும் கடுமையானது, காய்ச்சலும் கடுமையானது, போட்டியும் கடுமையானது. ஆங்கிலமோ இவற்றுள் ஒவ்வொன்றிற்கும் வெவ்வேறு அடைமொழியை வழக்கத்தினால் உரித்தாக்கி வைத்திருக்கின்றது: வரட்சிக்குச் ‘சிவியர்’, காய்ச்சலுக்கு ‘ஹை’, போட்டிக்கு ‘ஃபியர்ஸ்’, சட்டவிதிகளுக்கும் நிபந்தனைகளுக்கும் மாத்திரமே பெரும்பாலும் ‘ஸ்ட்ரிஞ்ஜென்ட்’. பட்டியலை மட்டும் படித்த மாணவி தன் பாட்டிக்கு ‘ஸ்ட்ரிஞ்ஜென்ட்’ காய்ச்சல் கண்டது என்று எழுதுவாளாயின், அவள் வரைவிலக்கணத்தை மறந்தவளல்லள். அதனைச் செவ்வனே நினைவிற் கொண்டமையினாலேயே வழுக்கினாள். அச்சொல் எச்சொற்களோடு கூடி வாழ்கின்றது என்பதை அவளுக்கு எவரும் காட்டவில்லை.

சொற்களைத் தொகுத்து நெட்டுருப் பண்ணும் வழக்கம் நமக்குப் புதியதன்று. திவாகரமும் பிங்கலந்தையும் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டும் தலைமுறை தலைமுறையாக மனனஞ் செய்யப்பட்டன; ஆறுமுக நாவலர் 1849 ஆம் ஆண்டிற் சென்னையில் அச்சேற்றிய நூல்களுள் ஒன்று சூடாமணி நிகண்டுரை என்பதே, அக்கல்விக்கு யாழ்ப்பாணத்தார் அளித்த மதிப்பைப் புலப்படுத்தும். எனினும் நிகண்டு கற்றவன் நிகண்டோடு நின்றானல்லன். அதன் பின்னர் இலக்கியங்களை ஆசிரியர் முன்னிலையில் பதம் பிரித்துப் பொருள் கேட்டான்; கோயிலிலே கந்தபுராணத்தை ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்லும்போது, தான் உருப்போட்ட பெயர்களும் வினைகளும் வாக்கியத்திலே நடமாடுவதைச் செவியாரக் கேட்டான். நம் பிள்ளைகளுக்கு நாம் இன்று கொடுத்திருப்பது காப்பியமில்லாத நிகண்டு.

ஆங்கில அகராதிக்காரரும் இவ்வுண்மையை வெகு காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். 1755 இல் வெளியான தம் பேரகராதியில் சாமுவேல் ஜான்சன், ‘வலைப்பின்னல்’ என்ற எளிய பொருளை அதனினும் கடினமான சொற்களால் வரையறுத்துப் பிற்காலத்தாரின் விமர்சனத்துக்கு ஆளானார். ஆயினும் அந்நூலின் பெருமை வரைவிலக்கணங்களிலன்றி, அவர் நல்லாசிரியர் நூல்களிலிருந்து திரட்டிச் சொற்களின் கீழ் நிறுத்திய ஓரிலட்சத்திற்கு மேற்பட்ட மேற்கோள்களிலேயே பெரிதும் தங்கியிருக்கின்றது. பிற மொழியாளருக்கென அகராதி செய்தவருள் இருவரை நாம் விசேடமாக நினைவு கூரவேண்டும். ஒருவர், வங்காளத்து டாக்கா நகரில் ஆசிரிய பயிற்சிக் கலாசாலையின் தலைவராக விளங்கிய மைக்கேல் வெஸ்ட். 1935 இல் எண்டிகாட் என்பவரோடு அவர் வெளியிட்ட அகராதி, வரைவிலக்கணங்கள் அனைத்தையும் 1,490 எளிய சொற்களுக்குள் அடக்கியது. மற்றவர், ஜப்பானிலே ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி. 1942 இல், யுத்தத்தின் நடுவே, டோக்கியோவில் வெளிவந்து 1948 இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரால் மீள வெளியிடப்பட்ட அவரது அகராதி, ஒரு வினைச்சொல் வாக்கியத்தில் எவ்வமைப்புகளில் வரும் என்பதையே முதன்மையாகப் போதித்தது. 1987 இல் பர்மிங்காமில் அகராதி செய்த ஜான் சின்கிளேர் குழுவினர் இன்னும் ஒரு படி மேற்சென்று, வரைவிலக்கணத்தையே முழு வாக்கியமாக எழுதினர்.

நல்ல வழி இவ்வாறு பன்னெடுங்காலமாக அறியப்பட்டிருக்க, பட்டியல் ஏன் மறையவில்லை? காரணம் மாணாக்கரின் சோம்பலன்று. ஐம்பது சொற்களின் பொருளை ஒப்புவிக்கச் செய்து சரிபார்க்க ஆசிரியருக்குச் சில நிமிடங்களே போதும். நாற்பது பிள்ளைகள் தாமே எழுதிய வாக்கியங்களை ஒவ்வொன்றாக வாசித்து, இது பிழை, இன்ன காரணத்தாற் பிழை என்று சிவப்பு மையால் எழுதிக் கொடுக்கவோ ஓர் இரவு முழுவதும் வேண்டும். அவ்விரவுக்கு ஊதியம் கொடுப்பார் எவருமிலர். பாடசாலையிலும் நிலைமை வேறன்று. உயர்தரத்திற் பொது ஆங்கிலம் ஒரு பாடமாக இருப்பினும், அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்குரிய புள்ளிகளிற் சேர்வதில்லையாதலால், பலர் அதனைக் கடைசி வாரத்திற்கென ஒதுக்கி வைக்கின்றனர்.

இந்நாட்டிலே பிறந்த நமக்கு ஒரு பெருஞ் சௌகரியம் வாய்த்திருக்கின்றது. அதனை நாம் போதியவாறு பயன்படுத்துவதில்லை. அரசாங்க வர்த்தமானி சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழிகளிலும் வெளியாகின்றது. ஒரே அமைச்சரவைத் தீர்மானத்தை வீரகேசரியிலும் டெய்லி நியூஸிலும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணாக்கன், தமிழிலே தான் முன்பே நன்கறிந்த ஒரு விஷயத்தை ஆங்கிலம் எச்சொற்களால், எவ்வரிசையில், எவ்வடைமொழிகளோடு கூறுகின்றது என்பதைத் தன் கண்ணாலேயே காண்கின்றான். அவ்வாறு கண்ட வாக்கியத்தைத் தேதியுடன் கொப்பியில் எழுதி, அதன் கீழே அதே சொல்லைக் கொண்டு தன் வாழ்வினின்றும் ஒரு வாக்கியத்தைத் தானே எழுதட்டும். ஆடிவேல் விழாவைப் பற்றியோ, களனி கங்கை பெருகிய நாளைப் பற்றியோ, வெள்ளவத்தைக் கடலோரம் விரையும் புகையிரதத்தைப் பற்றியோ அது அமையலாம். பனிப்பொழிவையும் குளிர்காய் அடுப்பையும் கூறும் அந்நிய உதாரணங்களைக் காட்டிலும் அது நெஞ்சிலே நெடுநாள் நிற்கும்.

பரீட்சைக்கு மூன்று மாதங்களே இருக்க இத்துணை நிதானம் எங்ஙனம் இயலும் என்று வினவுவோர் உளர். அவர்கள் கற்கும் சொற்களின் தொகையைக் குறைப்பாராக. பிரயோகந் தெரிந்த முந்நூறு சொற்கள் பரீட்சை மண்டபத்திற் கைகொடுக்கும். பொருள் மாத்திரம் தெரிந்த மூவாயிரம் அங்கே பேனா முனைக்கு வருவதில்லை, வந்தாலும் இடந்தவறி வரும்.

அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழி என வகுத்தது. அவ்விணைப்பு வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கு மட்டும் உரித்தாகிவிடாதிருக்க வேண்டுமாயின், முயற்சி நம் அயலிலேயே தொடங்கவேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் பலர் வாழ்கின்றனர். கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற ஸ்தாபனங்களுக்கு மண்டபமும் நூலகமும் இருக்கின்றன. வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, பிள்ளைகள் எழுதிய வாக்கியங்களைத் திருத்திக் கொடுப்பதற்கென்றே அவ்வாசிரியர்கள் அங்கே ஒன்றுகூடுவார்களாயின் அது பெருந்தொண்டாகும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை கட்டணஞ் செலுத்தச் செல்லும்போது, இம்மாதம் எத்தனை சொற்கள் படிப்பித்தீர்கள் என்று கேளாதீர்கள், என் பிள்ளை எழுதிய வாக்கியங்களுள் எத்தனையைத் திருத்தினீர்கள் என்று கேளுங்கள்.