திருப்பி அனுப்பப்பட்ட தட்டு



கடந்த ஈஸ்டர் அன்று கோவில்பட்டியில் நம் தெருவில், கிறிஸ்தவ அண்டை வீட்டார் கொடுத்தனுப்பிய அதிரசத் தட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டது. "அரபு நாட்டில் இது நடக்குமா?" என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

நடக்கிறது. எகிப்தில் காப்டிக் ஈஸ்டருக்கு மறுநாளான திங்கட்கிழமை 'ஷம்முன் நஸீம்', அதாவது தென்றலை நுகரும் நாள். அன்று அரசு விடுமுறை. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் நைல் கரையில் குடும்பத்தோடு அமர்ந்து சாயமிட்ட முட்டையும் வெங்காயத்தாளும் உப்பிட்ட மீனும் உண்கின்றனர். (பங்குனி வெயிலில் வெடித்துக் கிடக்கும் நம் கரிசலில் நுகர்வதற்குத் தென்றல் ஏது!) சிரியாவிலும் லெபனானிலும் பேரீச்சம்பழம் பொதிந்த 'மஅமூல்' ஈஸ்டருக்கும் சுடப்படுகிறது, நம் பெருநாளுக்கும் சுடப்படுகிறது. ஜெரூசலத்தின் திருக்கல்லறைத் தேவாலயச் சாவியைப் பல நூற்றாண்டுகளாகக் காத்துவருவது ஒரு முஸ்லிம் குடும்பம். கதவைத் திறப்பது மற்றொரு முஸ்லிம் குடும்பம்.

அரபியர் செய்வதெல்லாம் மார்க்கமாகிவிடாது என்பது உண்மையே. ஷம்முன் நஸீமைக் கண்டிக்கும் ஆலிம்கள் எகிப்திலேயே உள்ளனர். ஈஸா நபி (அலை) சிலுவையில் அறையப்படவில்லை என்பது நம் ஈமான்; அவர்களின் வழிபாட்டில் நமக்குப் பங்கில்லை. ஆனால் இங்கே பேச்சு வழிபாட்டைப் பற்றியதன்று, அதிரசத்தைப் பற்றியது.

தட்டைத் திருப்பியவர்கள் இமாம் இப்னு தைமிய்யாவின் பெயரைச் சொல்கின்றனர். பிற சமயப் பண்டிகைகளில் முஸ்லிம்கள் கலந்துகொள்வதைக் கடுமையாக எதிர்த்து 'இக்திளாஉஸ் ஸிராத்தில் முஸ்தகீம்' எழுதியவர் அவர். அதே நூலில், பண்டிகை நாளில் அவர்கள் தரும் அன்பளிப்பை ஏற்கலாம் என்கிறார்; நவ்ரூஸ் அன்று வந்த அன்பளிப்பை அலீ (ரலி) ஏற்ற செய்தியைச் சான்றாக வைக்கிறார். பண்டிகைக்காக அறுக்கப்பட்ட இறைச்சியைத்தான் விலக்குகிறார். அரிசி மாவிலும் வெல்லப்பாகிலும் அறுப்பதற்கு என்ன இருக்கிறது? இமாமின் பெயரை மேற்கோள் காட்டுவோர் அவர் நூலைப் புரட்டியேனும் பார்த்திருக்கலாம்.

வீரமாமுனிவர் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய காலத்திற்கு முன்பிருந்தே கிறிஸ்தவர்கள் இக்கரிசலில் வாழ்கின்றனர். மார்க்க விஷயத்தில் நம்மோடு போரிடாதோருக்கு நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்று அல்மும்தஹினா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் அறிவிக்கிறது. தட்டைத் திருப்பிய வீட்டார் இந்த வாரமே அந்த வாசலுக்குச் சென்று மன்னிப்புக் கேட்கட்டும். ரமளானில் நாம் கொடுத்தனுப்பிய நோன்புக் கஞ்சியை அவ்வீட்டார் ஒருமுறையும் திருப்பி அனுப்பியதில்லை.