எழுதி வைக்காத கடைக்கு உதவி வந்து சேராது

கொரோனாக் காலத்தில் இழந்த உயிர்களுக்காக நாம் துஆச் செய்தோம். இழந்த கடைகளைப் பற்றி மட்டும், விதியென்று சொல்லி அமைதியாகிவிட்டோம். விதியை நம்புவது ஈமானின் பகுதி. அதைச் சாக்காக்கிப் பாடம் கற்காமல் இருப்பது ஈமானன்று.

2020 மார்ச் 25 அன்று நாடு முடங்கியபோது உக்கடம், கோட்டைமேடு, கரும்புக்கடை பகுதிகளின் தள்ளுவண்டிகளும் தையற்கடைகளும் பழைய இரும்புக் கடைகளும் ஒரே நாளில் நின்றன. 2021 மே மாத இறுதியில் அன்றாடத் தொற்று எண்ணிக்கையில் கோவை சென்னையையே முந்தியது. ஜூனில் 27 மாவட்டங்களுக்குக் கூடுதல் தளர்வுகள் கிடைத்தபோதும் கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட 11 மாவட்டங்கள் காத்திருந்தன.

உதவியே இல்லாமல் போகவில்லை. 2020 மே மாதம் சிறு, குறு தொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது ஏற்கெனவே வங்கிக் கடன் நிலுவை உள்ளவர்களுக்கு, அந்த நிலுவையில் 20 சதவீதம் என்ற கணக்கில் வழங்கப்பட்டது. வட்டிக்கு அஞ்சி வங்கிப் படியேறாதவருக்கு அந்தக் கதவே இல்லை. ஜூனில் தெருவோர வணிகர்களுக்கு 10,000 ரூபாய்க் கடன் திட்டம் வந்தது. அதற்கு மாநகராட்சியின் விற்பனைச் சான்றோ அடையாள அட்டையோ, குறைந்தது ஒரு பரிந்துரைக் கடிதமோ தேவைப்பட்டது.

அந்தக் கடிதத்துக்கு யாரிடம் போவது? 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை கோவை மாநகராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. வழிகாட்டல் மிகவும் தேவைப்பட்ட நாளில், வார்டில் கதவு தட்டுவதற்கு ஒரு கவுன்சிலர் இல்லை. இந்தக் குறையை அரசு உணர வேண்டும்.

நம் பக்கமும் குறை உண்டு. "வட்டிக் கடன் வேண்டாம் என்பவனுக்குப் பதிவு எதற்கு?" என்று கேட்போர் நம்மிடையே உள்ளனர். பதிவு கடனுக்கு மட்டும் உரியதன்று. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டப்படி, கணக்கெடுப்பில் இடம்பெற்றுச் சான்று பெற்றவருக்கே இடப் பாதுகாப்பு உறுதி. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் வணிகர்களுக்கு உரியது. அங்கே நம் குரல் ஒலிக்கவும் அந்தப் பெயர்ப் பட்டியல்தான் வாயில். 2021இல் தமிழக அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு 4,000 ரூபாயை நேரடியாக வழங்க முடிந்ததற்குக் காரணம், அட்டை இருந்ததுதான். நலிந்த கடைக்காரருக்கும் அதுபோல் வட்டியில்லாத நேரடி நிவாரணம் வேண்டுமென்று கேட்பது நியாயம். ஆனால் யாருக்குக் கொடுப்பது என்று அரசு கேட்டால், காட்டுவதற்கு நம்மிடம் பட்டியல் வேண்டாமா?

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதி வைப்பது பற்றியது, அல்பகராவின் 282ஆம் வசனம். அதற்குச் சற்று முன்பே, சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் அளிக்குமாறு இறைவன் கட்டளையிடுகிறான். இரக்கமும் எழுத்தும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. நாம் இரக்கத்தைப் பேசி எழுத்தை விட்டுவிட்டோம்.

ஆகவே ஒவ்வொரு மஹல்லாவும் இப்போதே தொடங்கட்டும். ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம், படித்த இளைஞர் இருவர் பள்ளிவாசலில் அமர்ந்து சிறு வணிகர்களுக்குப் பதிவு செய்து கொடுக்கட்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. 2021 ஜூலை முதல் சில்லறை வணிகரும் அதில் பதியலாம். பைத்துல்மாலில் ஒரு பங்கை அழகிய கடனுக்கென ஒதுக்கட்டும். இன்று கவுன்சிலர் இருக்கிறார். தெருவோர வணிகர் கணக்கெடுப்பு எங்கே நிற்கிறது என்று அவரிடம் கேட்கட்டும்.

அடுத்த சோதனை எப்போது வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அன்று நம் கடைகள் பெயரற்றுக் கிடக்காமல் இருக்க அவன் அருள்புரிவானாக. ஆமீன்.