நடந்து செல்பவருக்கு அலகு இல்லை: திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதை எதை எண்ணவில்லை?

ஒரு ரயில் பாதையின் முன்னேற்றம் செய்திகளில் இரண்டு எண்களாகவே நமக்கு வந்து சேர்கிறது. எத்தனை கிலோமீட்டர் முடிந்தது, எத்தனை கோடி செலவானது. திருவாரூர்–காரைக்குடி 149 கிலோமீட்டர். அதன் கிளையான திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர், 294 கோடி ரூபாய். இப்போது பேச்சு மின்மயமாக்கலுக்கு நகர்ந்திருக்கிறது. பாதையைக் குறுக்காகக் கடந்துசெல்ல முன்பு எத்தனை வழிகள் இருந்தன, அகலப்பாதை வந்த பிறகு அவற்றில் எத்தனை மிஞ்சின, மூடப்பட்ட வழிகளில் நடந்தவர்கள் யார் என்ற கணக்கு இந்தச் செய்திகளில் இடம்பெறுவதில்லை. டெல்டாவின் தலித் குடியிருப்புகளுக்கு இந்தக் கணக்கே முதன்மையானது.

இந்தப் பாதை பழமையானது. தஞ்சாவூர் மாவட்டக் கழகம் நிலவரியின் மீது கூடுதல் தீர்வை விதித்துத் திரட்டிய பணத்தில் 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை மீட்டர்கேஜ் பாதை போடப்பட்டது. பின்னர் அது பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகத் தெற்கே நீண்டது. வேதாரண்யம் கிளை 1919-இல் வந்து, பிற்பாடு கோடிக்கரையைத் தொட்டது. அகலப்பாதைப் பணிக்காக 2012-இல் திருவாரூர்–காரைக்குடி மீட்டர்கேஜ் மூடப்பட்டது. பணி நடந்துகொண்டிருந்தபோதே 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் கரையைப் புரட்டிப்போட்டது. காரைக்குடி–பட்டுக்கோட்டைப் பகுதி 2018-இலும், பட்டுக்கோட்டை–திருவாரூர் பகுதி 2019 ஜூனிலும் மீண்டும் திறக்கப்பட்டன. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ரயில் இல்லாதிருந்த அகஸ்தியம்பள்ளிக் கிளை 2023 ஏப்ரல் 8 அன்று பிரதமரால் தொடங்கிவைக்கப்பட்டது. அகலப்பாதை அகஸ்தியம்பள்ளியோடு நின்றுவிட்டது. கோடிக்கரைக்கு இனி ரயில் இல்லை.

2019-இல் ரயில் ஓடத் தொடங்கியபோது நடந்ததை இப்பகுதி மாணவர்கள் இன்றும் கேலியாகச் சொல்வார்கள். தண்டவாளம் தயார், நிலையங்கள் தயார், டெமு ரயிலும் தயார்; கேட்டுகளை மூடித் திறக்க ஆட்கள் இல்லை. ஆகவே கேட்கீப்பர்கள் ரயிலிலேயே பயணம் செய்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் ரயில் நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டை மூடுவார். ரயில் கடந்ததும் மீண்டும் நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். 149 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சிரிப்பதற்குரிய காட்சிதான். ஆனால் கேட் என்பது இந்தத் திட்டத்தில் கடைசியாக நினைவுக்கு வந்த பொருள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

மீட்டர்கேஜ் காலத்துப் பாதைகளில் ஆளில்லா கேட்டுகள் சாதாரணம். அகலப்பாதையில் ஆளில்லா கேட்டே இருக்கக் கூடாது என்ற கொள்கையை ரயில்வே தீவிரமாக்கி, 2019 ஜனவரி இறுதிக்குள் அவற்றை முற்றாக ஒழித்துவிட்டதாக அறிவித்தது. விபத்தைத் தடுக்கும் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஒழித்த முறையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கேட்டுக்கு ஆள் போடலாம். பக்கத்துக் கேட்டுடன் இணைக்கலாம். அடியில் சுரங்கப்பாதை அமைக்கலாம். அல்லது நிரந்தரமாக மூடிவிடலாம். எந்தக் கேட்டுக்கு எது என்பதைத் தீர்மானிக்கும் முதன்மையான அளவுகோல் ரயில்–வாகன அலகு. போக்குவரத்து இல்லாத அல்லது புறக்கணிக்கத்தக்க அளவே உள்ள கேட்டுகளை மூடிவிடுவது என்பது ரயில்வேயின் அறிவிக்கப்பட்ட கொள்கை.

அந்த அலகைக் கணக்கிடும் முறையைத் தோழர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் செல்லும் ரயில்களின் எண்ணிக்கையை அந்த வழியைக் கடக்கும் வாகன அலகுகளால் பெருக்குகிறார்கள். மோட்டார் வாகனம் ஒன்று, மாட்டுவண்டி ஒன்று, சைக்கிள் ரிக்‌ஷாவும் ஆட்டோவும் அரை. நடந்து செல்பவருக்கு மதிப்பெண் எதுவும் இல்லை. நடவுக்குப் போகும் நாற்பது பெண்கள் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் கடந்தாலும் அந்தக் கணக்கில் அது பூஜ்யம். பாடையைத் தோளில் சுமந்து செல்லும் ஊர்வலமும் பூஜ்யம்.

இன்னொரு சூழ்ச்சுமமும் இந்தப் பெருக்கலில் இருக்கிறது. புதிதாகத் திறக்கப்படும் கிராமப்புறப் பாதையில் தொடக்கத்தில் போகவர ஒரு ரயில்தான் ஓடும். நூறு வண்டிகள் கடக்கும் வழியாக இருந்தாலும் 100 × 2 = 200 அலகுதான் வரும். பாதையின் இருபுறமும் உள்ள மக்களின் தேவை எவ்வளவு இருந்தாலும், ரயில் குறைவு என்ற காரணத்தால் அவர்களுடைய வழி ‘புறக்கணிக்கத்தக்கது’ ஆகிவிடும். மூடிய பிறகு விரைவு ரயில்கள் வரும். ரயில் கூடிவிட்டது என்பதற்காக எடுத்த வழியைத் திருப்பித் தரும் ஏற்பாடு எதுவும் இல்லை.

யார் நடக்கிறார்கள் என்பதற்கு இந்த மாவட்டத்தின் அமைப்பே விடை சொல்லும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் பட்டியலின மக்கள் 34 விழுக்காடு. தமிழ்நாட்டிலேயே உயர்ந்த விகிதம் இது. மாநிலச் சராசரி 20 விழுக்காடு. நிலமற்ற விவசாயக் கூலிகள் பெரும்பாலும் இவர்கள்தாம். ஊர் மேட்டில் இருக்கும். சேரி தாழ்ந்த நிலத்தில், வாய்க்காலுக்கோ வயலுக்கோ அப்பால் இருக்கும். சுடுகாடு அதற்கும் அப்பால். இந்த அடுக்கின் குறுக்கே ரயில் மேடு ஓடும்போது வீட்டிலிருந்து வேலைக்கும், பள்ளிக்கும், நியாயவிலைக் கடைக்கும், சுடுகாட்டுக்கும் உள்ள வழி தண்டவாளத்தைத் தாண்டியே ஆக வேண்டியதாகிறது. கேட்டை மூடி ‘அரை கிலோமீட்டர் தள்ளி அடுத்த கேட் இருக்கிறது’ என்று சொல்வது இருசக்கர வாகனம் வைத்திருப்பவருக்குப் பதிலாகலாம். அந்த அடுத்த கேட் ஆதிக்கச் சாதித் தெருவுக்குள் இட்டுச்செல்லும் கேட்டாக இருந்தால், பாடை சுமப்பவருக்கு அது பதிலாகாது.

இதை மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் 2016 ஜனவரியை நினைவுகூரலாம். அன்றைய நாகை மாவட்டத்தின் திருநாள்கொண்டச்சேரியில் தலித் முதியவர் ஒருவரின் உடலைப் பொதுத்தெரு வழியே கொண்டுசெல்ல உயர் நீதிமன்றம் அனுமதித்த பின்னரும், காவல்துறையே உடலை எடுத்துச்சென்று வேறு வழியில் அடக்கம் செய்தது. அங்கே ரயில் பாதை இல்லை. ஆயினும் டெல்டாவில் ஒரு மாற்றுவழி என்றால் எத்தனை சாதிக் கணக்குகள் அதற்குள் இருக்கின்றன என்பதை அது காட்டியது. மாற்றுவழியைத் தூரத்தால் மட்டும் அளக்கும் பொறியாளருக்கு இவை தெரியாமல் இருக்கலாம். மாவட்ட ஆட்சியருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

சுரங்கப்பாதை கிடைத்த இடங்களில் நிலைமை சீராகிவிடுகிறதா? டெல்டாவில் தரையைத் தோண்டினால் தண்ணீர். ஆறுகளும் வடிகால்களும் கடலை நோக்கி ஓட, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பகுதியில் ரயில் மேடு அவற்றுக்குக் குறுக்காகக் கரையோரம் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுரங்கப்பாதை குளமாகும். தண்ணீரை இறைப்பது யார் பொறுப்பு என்று ஊராட்சியும் ரயில்வேயும் ஒன்றையொன்று கைகாட்டும். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் அருகே ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் கார் மூழ்கி அரசு மருத்துவர் ஒருவர் இறந்தார். காரில் சென்ற மருத்துவர் என்பதால் அது மாநிலம் அறிந்த செய்தியாயிற்று. இடுப்பளவு நீரில் புத்தகப் பையைத் தலையில் வைத்துக் கடக்கும் பிள்ளைகள் மாவட்டப் பக்கத்தில் ஒரு புகைப்படத்தோடு முடிந்துவிடுகிறார்கள்.

2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர்கள் உயிரிழந்தனர். விழுப்புரம்–மயிலாடுதுறை என்ற, இதேபோல் அகலப்பாதையாக்கப்பட்ட வழித்தடம் அது. சிக்னலுடன் பூட்டு இணைக்கப்படாத கேட். சுரங்கப்பாதைக்கு ஒப்புதல் தந்திருந்ததாகவும், ஆட்சியரின் அனுமதி ஓராண்டாக வரவில்லை என்றும் தெற்கு ரயில்வே அப்போது கூறியது. அந்தக் கூற்றின் நியாயத்தை விட்டுவிடுவோம். அதில் ஒளிந்திருக்கும் சட்டச் செய்தி நமக்குப் பயன்படும். வழியை மாற்றவும் மூடவும் மாநில அரசின் இசைவு தேவை. ‘ஒன்றிய அரசின் துறை, நாங்கள் என்ன செய்ய முடியும்’ என்ற ஆட்சியர் அலுவலகப் பதில் செல்லாது.

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 16-ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. ரயில் பாதையால் நிலப் பயன்பாட்டுக்கு ஏற்படும் இடையூறைச் சரிசெய்யத் தேவையான கடவுகள், பாலங்கள், வழிகளை ரயில்வே அமைத்துப் பராமரிக்க வேண்டும். எது தேவை என்பது மாநில அரசின் கருத்தைப் பொறுத்தது. பாதை வருவதற்கு முன் நீர் எவ்வளவு தடையின்றி ஓடியதோ, இயன்றவரை அவ்வாறே எக்காலத்திலும் ஓடுவதற்கான வடிகால் வசதியும் இதே பிரிவில் கடமையாக்கப்பட்டிருக்கிறது. இந்த வசதி நில உரிமையாளருக்கு மட்டும் உரியதாகச் சொல்லப்படவில்லை; அனுபவதாரரும் சேர்த்தே குறிப்பிடப்படுகிறார். பட்டா இல்லாத குடியிருப்பின் சார்பில் வாதாடுபவர் இந்தச் சொல்லைக் கைவிடக் கூடாது.

எதிர்த்தரப்பு தயாராக வைத்திருக்கும் வாதம் ஒன்று உண்டு. பாதை முதன்முதலில் பயணிகளுக்குத் திறக்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டால், கூடுதல் வசதி செய்துதரும் பொறுப்பு ரயில்வேக்கு இல்லை என்கிறது அதே பிரிவு. நமது பாதை முதலில் திறக்கப்பட்டது 1894-இல். அந்தக் கணக்குப்படி 1904-இலேயே உரிமை காலாவதி. இனி வேண்டுமென்றால் 17-ஆம் பிரிவின்படி கேட்பவரோ, மாநில அரசோ, உள்ளாட்சியோ செலவை ஏற்க வேண்டும். மறுதிறப்புக்குப் புதிய பத்து ஆண்டுகள் உண்டு என்று சட்டம் சொல்லவில்லை.

ஆனால் அந்தத் தடை கூடுதல் வசதிகளுக்கு மட்டுமே உரியது. ஏற்கெனவே இருந்த கடவைப் பராமரிக்கும் கடமைக்குக் காலவரம்பு சொல்லப்படவில்லை. நூறாண்டுகளாக இருந்த வழியை மூடாதே என்று கேட்பது புதிய வசதி கேட்பதாகாது. மனுக்களை எழுதும்போது ‘சுரங்கப்பாதை அமைத்துத் தருக’ என்று தொடங்குவதைவிட, ‘இருந்த கடவை எந்த ஆணையால், யாருடைய இசைவுடன் மூடினீர்கள்’ என்று தொடங்குவது வழக்கின் போக்கையே மாற்றும் என்பது என் கருத்து.

மூடப்பட்ட மறுநாள் நிகழும் மாற்றத்தையும் சொல்ல வேண்டும். நேற்றுவரை வழியாக இருந்த இடத்தில் இன்று கால்வைப்பவர் அத்துமீறி நுழைந்தவர். 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரயிலில் அடிபட்டு இறந்தால், ரயில் விபத்து இழப்பீட்டுக்கான 124ஏ பிரிவு பயணிகளுக்கே உரியது என்பதால் குடும்பத்துக்கு அதன்கீழ் எதுவும் கிடைக்காது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்தலாமா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். சுடுகாட்டுக்கும் பொதுவழிக்கும் செல்வதைத் தடுப்பது 2015 திருத்தத்துக்குப் பின் 3(1) பிரிவில் தெளிவான குற்றம். ஆனால் அது தடுக்கும் நபரை நோக்கிய சட்டம். மாற்றுவழியை ஆதிக்கச் சாதியினர் மறித்தால் அதைப் பயன்படுத்தலாம், பயன்படுத்த வேண்டும். கேட்டை மூடிய நிர்வாக ஆணைக்கு எதிராக அது நிற்காது. அங்கே அரசியலமைப்பின் 14, 21 ஆகிய கூறுகளும் மேற்சொன்ன 16-ஆம் பிரிவுமே ஆயுதங்கள்.

கேட்டுகளில் வேலை செய்வோர் பற்றியும் ஒரு சொல். ஆள் பற்றாக்குறையை ஈடுகட்ட ரயில்வே முன்னாள் படைவீரர்களை ஒப்பந்த முறையில் கேட்கீப்பர்களாக எடுத்துவருகிறது. அவர்கள் மீது நமக்குப் புகார் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ முடித்த தலித் இளைஞருக்கு நிரந்தர அரசு வேலைக்கான வாயிலாக இருந்தவை டிராக்மேன், பாயிண்ட்ஸ்மேன், கேட்கீப்பர் போன்ற கடைநிலைப் பணியிடங்கள். 45 நாட்கள் அல்லது அதற்கு மேல் நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கும் இடஒதுக்கீடு உண்டு என்பது ஒன்றிய அரசின் சொந்த ஆணை. இந்தக் கேட்டுகளில் அது எவ்வாறு கடைப்பிடிக்கப்பட்டது என்பதற்கான சுழற்சிப் பதிவேட்டைக் கேட்டுப் பெறலாம்.

அகஸ்தியம்பள்ளிக் கிளையைத் திறந்தபோது அரசு சொன்ன பயன், உணவு உப்பும் தொழிலக உப்பும் கொண்டுசெல்ல உதவும் என்பது. உப்பு வாரும் தொழிலாளி எந்த ரயிலில், என்ன கட்டணத்தில் வேலைக்குப் போவார் என்பது அந்த அறிவிப்பில் இல்லை. பெருந்தொற்றுக்குப் பின் சாதாரண ரயில்களின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக்கப்பட்டு, 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழைய நிலைக்குத் திரும்பியது. தினக்கூலியில் போகவர 60 ரூபாய் என்றால் அந்த ரயில் அவருக்கு ஓடவில்லை என்றே பொருள்.

மின்மயமாக்கல் பணி கேட்டுகளை மறுபடியும் கணக்கெடுக்கும் வாய்ப்பைத் தருகிறது. மூடலுக்கான முன்மொழிவு ஆட்சியரின் இசைவுக்கு வரும் கட்டத்திலேயே கிராமசபைத் தீர்மானத்துடன் ஆட்சேபனை பதிவாக வேண்டும்; மூடிய பின் நீதிமன்றம் சென்றால், முடிந்துபோன பணி என்ற பதில் வரும். திருவாரூர், நாகை, தஞ்சை மாவட்டங்களின் சட்ட மாணவர்கள் ஒரு கல்வியாண்டில் செய்யக்கூடிய வேலை இது. மீட்டர்கேஜ் காலத்துக் கேட்டுகளின் எண்வாரிப் பட்டியல், ஒவ்வொன்றும் இன்று என்ன ஆனது, மூடலுக்கு இசைவளித்த கடிதங்கள், வாகன அலகு எடுத்த தாள்கள் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ரயில்வே கோட்ட அலுவலகத்திடமும் ஆட்சியர் அலுவலகத்திடமும் தனித்தனியே கேட்க வேண்டும். தாள்களில் தேதியைப் பாருங்கள். நடவோ அறுவடையோ இல்லாத கோடை மாதத்தில் எடுத்த கணக்கு என்றால் அதுவே முதல் ஆட்சேபனை. பிறகு அந்தந்தக் கேட்டில் சம்பா நடவு நாளொன்றின் விடியற்காலையில் நின்று, நடந்து கடப்பவர்களை நாமே எண்ணி, தேதியும் நேரமும் இட்டு, ஊராட்சி உறுப்பினர் ஒருவரின் கையெழுத்துடன் மனுவோடு இணைக்கலாம்.