எண்ணெய் விலையும் ஆகாய மார்க்கமும்

எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் விமானக் கம்பெனிகள் அந்நிய தேச மார்க்கங்களைக் குறைக்கின்றன. இது பணம் படைத்த பிரயாணிகளின் கவலை என்று தேசத் தொண்டர்களிலும் சிலர் எண்ணிவிடுகின்றனர். அது பெரும் பிசகு. வேலூரை அடுத்த கணியம்பாடி முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் தொழிலால் ஜீவிக்கும் குடும்பங்களுக்கும் இதில் சம்பந்தமுண்டு.

பிரயாணிகள் விமானத்தின் கீழறையில் சரக்கும் செல்கிறது. ஆம்பூர் பூட்ஸும் ராணிப்பேட்டைத் தோலும் பெரும்பாலும் கப்பலிலேயே போகின்றன. ஆயினும், அவசர மாதிரிகள் விமானத்தில் போகவேண்டும். தவணை தவறிய சரக்கையும், பல சமயங்களில் தம் கைச்செலவிலேயே, உற்பத்தியாளர் விமானத்தில் அனுப்ப நேரிடுகிறது. விமானம் குறைந்தால் இடம் குறையும். சரக்குக் கூலி ஏறும். முதலாளியின் கணக்கில் தொடங்கும் அந்த நஷ்டம், தையல் மிஷின் முன் அமர்ந்திருக்கும் ஸ்திரீகளின் கூலியில் போய் முடியும்.

கம்பெனிகள் சொல்லும் காரணம் பொய்யன்று. அவற்றின் செலவில் எண்ணெய்க்கே பெரும் பங்கு போகிறது. 2012 ஏப்ரலில் கிங்பிஷர் அந்நிய மார்க்கங்களை நிறுத்தியபோது, கடன் சுமையோடு எண்ணெய் விலையும் அதனை அழுத்திற்று. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் ஆகாயத்தை மூடியபின், நமது விமானங்கள் சுற்றிச் சென்று அதிக எண்ணெயை எரித்தன. அவ்வாண்டு செப்டம்பர் 1-ந் தேதி முதல் டெல்லி–வாஷிங்டன் மார்க்கத்தை நிறுத்திய ஏர் இந்தியா, விமானப் பற்றாக்குறையோடு இதனையும் காரணமாகக் காட்டிற்று.

சர்க்கார் செய்தது என்ன? அந்நிய தேசம் செல்லும் விமானத்தின் எண்ணெய்க்கு வரிச் சலுகை உண்டென்பது மெய்யே. ஆனால் 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது விமான எண்ணெய் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. உள்நாட்டு விமானங்கள் ராஜ்யத்துக்கு ராஜ்யம் வேறுபட்ட விற்பனை வரியைச் செலுத்த நேர்ந்தது. தமிழ்நாட்டில் அது நெடுங்காலம் 29 சதவீதம். உள்ளூரில் இளைத்த கம்பெனி வெளிநாட்டில் எவ்வாறு தாக்குப் பிடிக்கும்?

அதன் பலனாகச் சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரே செல்லப் பெரும்பாலும் அந்நிய விமானங்களையே நாம் நம்பியிருக்க நேர்ந்தது. அவற்றின் மார்க்கத்தை நீட்டுவதும் வெட்டுவதும் நம் கையில் இல்லை. 1932-ல் டாட்டாவின் முதல் தபால் விமான மார்க்கம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கே அமைந்தது. அத்தகைய தொடக்கத்திற்குப் பின் இந்நிலை நமக்குக் கௌரவம் அன்று.

விமான எண்ணெயை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவர வேண்டும். வருமானம் குறையுமென்று ராஜ்ய சர்க்கார்கள் தடை சொல்லுமானால், அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய மத்திய சர்க்கார் வழி காணட்டும். எந்த மார்க்கத்தை நிறுத்தினாலும், சரக்கு அனுப்புவோர் வேறு ஏற்பாடு செய்துகொள்ளப் போதிய முன்னறிவிப்பு கட்டாயமாக்கப்பட வேண்டும். உலகச் சந்தையில் எண்ணெய் விலையை நிர்ணயிக்கும் சக்தி நமக்கில்லை. அதன் பாரம் முழுவதும் உழைப்பாளியின் தலையில் விழாமல் தடுக்கும் சக்தி நிச்சயம் உண்டு.