டிப்ளமோவில் இருந்து பி.இ.: சேரும் முன் லைட்ஹவுஸ் குப்பத்துப் பிள்ளைகள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

பழவேற்காட்டில் பாலத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல். இரண்டுக்கும் நடுவே உள்ள மணல் திட்டில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள இதுபோன்ற மீனவ கிராமங்களில், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: “பிளஸ் ஒன் சேர்க்கலாமா, பாலிடெக்னிக் அனுப்பலாமா?”

“மூணு வருஷத்துல கையில ஒரு சர்ட்டிபிகேட் இருக்கும், வேலைக்குப் போயிடலாம்” என்பது ஒரு தரப்பு. “டிப்ளமோ படிச்சா அப்புறம் டிகிரி படிக்க முடியாதே” என்பது இன்னொரு தரப்பு. இரண்டிலும் பாதிதான் உண்மை. டிப்ளமோவில் இருந்து பட்டப்படிப்புக்குப் போக வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் போகும்போது வேறு சில கதவுகள் மூடிக்கொள்ளும். அதைச் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

டிப்ளமோ முடித்தவர் பி.இ. சேர்வது எப்படி?

மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ., பி.டெக். படிப்பில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இதைத்தான் ‘லேட்டரல் என்ட்ரி’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கலந்தாய்வு. டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போடுகிறார்கள். பிளஸ் டூ மாணவர்கள் கலந்துகொள்ளும் பொறியியல் கலந்தாய்வு வேறு, இது வேறு.

அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிப்படி டிப்ளமோவில் குறைந்தது 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் போதும். ஆனால் இது தகுதி மட்டுமே. அரசுப் பொறியியல் கல்லூரியில், கேட்ட பிரிவில் இடம் வேண்டுமென்றால் இதைவிட நிறைய மதிப்பெண் தேவை.

எந்த வழிக்கு எத்தனை ஆண்டு?

பத்தாம் வகுப்புக்குப் பிறகு பி.இ. முடிக்க ஆகும் காலம் இது:

• பிளஸ் ஒன், பிளஸ் டூ 2 ஆண்டு + பி.இ. 4 ஆண்டு = 6 ஆண்டு
• டிப்ளமோ 3 ஆண்டு + பி.இ. 3 ஆண்டு = 6 ஆண்டு
• ஐ.டி.ஐ. 2 ஆண்டு + டிப்ளமோ (நேரடி இரண்டாம் ஆண்டு) 2 ஆண்டு + பி.இ. 3 ஆண்டு = 7 ஆண்டு
• பிளஸ் டூ 2 ஆண்டு + டிப்ளமோ (நேரடி இரண்டாம் ஆண்டு) 2 ஆண்டு + பி.இ. 3 ஆண்டு = 7 ஆண்டு

முதல் இரண்டு வழிகளுக்கும் ஒரே காலம்தான். டிப்ளமோ வழியில் ஒரு கூடுதல் வசதி உண்டு. மூன்றாம் ஆண்டு முடிவில் வீட்டில் பணம் இல்லை, கடலில் மீன் இல்லை என்ற நிலை வந்தால், டிப்ளமோவை வைத்து வேலைக்குப் போகலாம். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் இதே கடற்கரையில்தான் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்து பி.இ. சேர்ந்தவர் பாதியில் நின்றால், கையில் இருப்பது பிளஸ் டூ சான்றிதழ் மட்டுமே.

அப்படியென்றால் எல்லாரும் பாலிடெக்னிக் போகலாமா?

அங்கேதான் மூடிக்கொள்ளும் கதவுகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 6-ஆம் வகுப்பில் இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் இந்த ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இதில் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் சேரும் மாணவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்பதாக அப்போது அறிவிக்கப்பட்டது. ‘பிளஸ் டூ வரை’ என்பதுதான் இங்கே நிபந்தனை. பத்தாவதோடு பள்ளியை விட்டு பாலிடெக்னிக் போகும் மாணவர் இந்த வரையறைக்குள் வரமாட்டார்.

இரண்டாவது, மீன்வளப் படிப்பு. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கல்லூரி ஒன்று பொன்னேரியிலேயே இருக்கிறது. அங்குள்ள நான்காண்டு பி.எஃப்.எஸ்சி. படிப்புக்கு பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும். மீனவர் குடும்பப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவருக்கு இந்த வழி கிடையாது. டாக்டர் ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தாலும் பிளஸ் டூ அறிவியல் பிரிவுதான் வழி.

அதனால் நன்றாகப் படிக்கும், அரசுப் பள்ளியிலேயே தொடர வாய்ப்புள்ள பிள்ளைக்கு பிளஸ் டூ வழியில் பணச் செலவு குறைய வாய்ப்பு அதிகம். “இயந்திரம்தான் பிடிக்கும், சீக்கிரம் சம்பாதிக்கணும், ஆனா படிப்பையும் விடக் கூடாது” என்று நினைக்கும் பிள்ளைக்கு டிப்ளமோ பொருந்தும். ‘மார்க் கம்மி, அதனால் பாலிடெக்னிக்’ என்று மட்டும் முடிவு செய்வதுதான் தப்பு.

சமுதாயக் கல்லூரி படித்தால் டிகிரிக்குப் போகலாமா?

பாலிடெக்னிக் தவிர, சமுதாயக் கல்லூரிகளும் இருக்கின்றன. இந்தியாவில் இவை வேர்விட்டதே இந்தப் பக்கம்தான். 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-இல் சென்னையில் கத்தோலிக்கத் திருச்சபையும் தொடங்கின. பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்து வேலைக்கு அனுப்புவதுதான் இவற்றின் முதல் நோக்கம். பல்கலைக்கழகத்துக்கு ஏணி போடுவது அப்போதைய திட்டத்தில் பிரதானமாக இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2013-இல் கொண்டுவந்த சமுதாயக் கல்லூரித் திட்டம்தான் மேற்படிப்புக்கு நகர்வதையும் கணக்கில் எடுத்தது.

எனவே ‘டிப்ளமோ’ என்ற பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஆறு மாதம், ஒரு வருடம் படித்து வாங்கும் எல்லா டிப்ளமோவும் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குக் கொண்டுபோகாது. அதற்கு அங்கீகாரம் பெற்ற பாலிடெக்னிக் டிப்ளமோதான் வேண்டும். பி.வோக். எனும் தொழிற்கல்விப் பட்டம் மட்டும் படிப்படியாக அமைந்தது. முதல் ஆண்டில் நின்றால் டிப்ளமோ, இரண்டாம் ஆண்டில் நின்றால் உயர் டிப்ளமோ, மூன்றாம் ஆண்டு முடித்தால் பட்டம்.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு குறைந்த செலவில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்கு மாறுவது பரவலாகச் சொல்லப்படும் வழி. ஆனால் சேரும் மாணவர்களில் பெரும்பாலானோர் பட்டம் வாங்க விரும்பினாலும், ஆறு ஆண்டுகளுக்குள் வாங்குபவர்கள் சுமார் 16 சதவீதம்தான். ஒரு காரணம், படித்த பாடங்களைப் புதிய கல்லூரி ஏற்காமல் போவது. இப்படிக் கல்லூரி மாறும் மாணவர்கள் தங்கள் பாடப் புள்ளிகளில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்ததாக அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2017-இல் கணக்கிட்டது.

அங்கே ‘எந்தப் பாடம் செல்லும்’ என்பது சிக்கல். இங்கே ‘எந்தச் சான்றிதழ் செல்லும்’ என்பது சிக்கல்.

சேர்ந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. லேட்டரல் என்ட்ரியில் வருபவருக்குக் கல்லூரியின் முதல் நாளே மூன்றாவது செமஸ்டர். முதலாண்டுக் கணிதமும் இயற்பியலும் மற்றவர்கள் முடித்துவிட்ட பாடங்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்கு அந்தச் செமஸ்டரிலேயே கடினமான கணிதத் தாள் ஒன்று வருகிறது. டிப்ளமோவின் முதலாண்டோடு கணக்கை மறந்தவர்கள் அரியர் வைப்பது இங்கேதான். செய்முறையில் டிப்ளமோ மாணவர்கள் கெட்டிக்காரர்கள், கணக்குதான் காலை வாருகிறது. டிப்ளமோ கடைசி ஆண்டிலேயே பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் வகையீடு, தொகையீடு பாடங்களைப் போட்டுப் பார்ப்பது நல்லது. அந்தப் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

பணத்துக்கு என்ன உதவி?

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 முதல் ‘புதுமைப் பெண்’, மாணவர்களுக்கு 2024 முதல் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிப்பவர்களும் இதில் அடங்குவர். கலந்தாய்வு வழியாகச் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது போச்சு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூன்றையும் ரிசல்ட் வரும் முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைத்தால் கடைசி நேர அலைச்சல் மிச்சம்.

கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வி

எந்த நிறுவனத்தில் சேர்வதாக இருந்தாலும், பணம் கட்டும் முன் இதைக் கேட்க வேண்டும்: “இந்தச் சான்றிதழை வைத்து அடுத்து எந்தப் படிப்பில், எந்த ஆண்டில், யார் சேர்த்துக்கொள்வார்கள்?”

இதற்குத் தெளிவான பதிலைச் சொல்லி, அங்கீகார ஆணையையும் காட்டினால் சேரலாம். “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால், அன்றைக்கே திரும்பி வந்துவிடலாம். பள்ளித் தலைமை ஆசிரியரிடமோ, அரசின் ‘நான் முதல்வன்’ வழிகாட்டுதலிலோ கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள இன்னும் நாள் இருக்கும். மூன்று வருடம் கழித்துக் கேட்டால் இருக்காது.