பரிசு ஒருவருக்கு; கூலி யாருக்கு?



வார இறுதி இரவு வந்துவிட்டால், கீரிப்பாறையிலே ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியின் வீட்டிலும், குளச்சல் கரையிலே வலை இழுக்கும் மீனவன் வீட்டிலும், அண்டி ஆபீசிலே பகலெல்லாம் குந்தியிருந்து கொட்டை உடைத்துவிட்டு வந்த தாயின் வீட்டிலும் ஒரே ஓசை கேட்கிறது. பாட்டுப் போட்டி! விஜய் தொலைக்காட்சி 2006 ஆம் ஆண்டிலே தொடங்கிய 'சூப்பர் சிங்கர்', ஆண்டுகள் பல கடந்தும் நம் வீட்டுக் கூடத்தை விட்டுப் போகவில்லை. மறுநாள் காலை வடசேரித் தேநீர்க் கடையிலே அரசியலுக்கு முன்னால் அந்தப் பேச்சுத்தான். "என்னமாப் பாடினான் அந்தப் பையன்!" என்கிறார் ஒருவர். "அழுது வாங்கின மார்க்குல்லா அது!" என்கிறார் மற்றவர்.

பாட்டுப் போட்டியைப் பற்றிக் கட்சி ஏட்டிலே எழுதுவதா என்று முகம் சுளிக்கும் தோழர்களும் இருக்கக்கூடும். அவர்களைக் கேட்கிறேன்: பாட்டைப் புறக்கணித்து வளர்ந்த இயக்கம் தமிழ்நாட்டிலே எது? நம் பூதப்பாண்டியிலே பிறந்த ஜீவா, உழைப்பவர் கூட்டத்துக்குப் பாட்டுக் கட்டித் தந்தவர். நம் ஒழுகினசேரியிலே பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், பாட்டுக்குள்ளும் சிரிப்புக்குள்ளும் சீர்திருத்தத்தை வைத்துக் கொடுத்தவர். உழைப்பவன் எதைக் கேட்டு மகிழ்கிறான், யாருக்காக வாக்களிக்கிறான் என்பது நமக்குப் புறம்பான செய்தியாகுமா? ஆகாது!

ஆகவே, பார்வையாளர்களில் ஒருவன் என்ற முறையிலே, இந்த மேடையிலே வென்ற நால்வரைப் பற்றி என் எண்ணத்தைச் சொல்கிறேன். ஒப்புக்கொள்வோர் ஒப்புக்கொள்ளட்டும், மறுப்போர் மறுக்கட்டும்.

முதலில் திவாகர். 2014 ஆம் ஆண்டு வென்றவர். முறையாகச் சாஸ்திரீய சங்கீதம் பயின்றவரல்லர். காதால் கேட்டுக் கேட்டே பாட்டைப் பிடித்தவர். பட்டறையிலே பக்கத்தில் நின்று பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்ட தொழிலாளியைப் போன்றவர். அவர் வென்றபோது நம்மவர் மகிழ்ந்தார்கள். மகிழ்ந்தது நியாயம். பாட்டு என்பது இன்னாருக்கு மட்டுமே எழுதிவைத்த சொத்து அன்று என்பதை ஊரறியச் சொன்ன வெற்றி அது.

அடுத்து ஆனந்த் அரவிந்தாக்ஷன். 2016 இலே வென்றார். அவர் ஏற்கெனவே திரைப்படங்களில் பாடியவராயிற்றே என்று பெரும் வாதம் கிளம்பிற்று. என் கருத்து இதுதான்: பாடியவர் மேல் குற்றமில்லை. நல்ல குரல், பண்பட்ட குரல். ஆனால், வாக்களிக்கும் மக்களுக்கு விவரம் முழுவதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேர்தலிலே வேட்பாளரின் சொத்துக் கணக்கைக் கேட்கிறோம் அல்லவா? பாட்டிலே வாக்குக் கேட்போரும் மக்களிடம் எதையும் மறைவாக வைக்கக் கூடாது.

மூன்றாவது செந்தில் கணேஷ். 2018 ஜூலையிலே, புதுக்கோட்டை மாவட்டத்து நாட்டுப்புறப் பாடகர் அந்தப் பட்டத்தை வென்றார். அவருடைய துணைவியார் ராஜலட்சுமியும் அதே போட்டியிலே பாடியவர். 50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு பரிசு! இரண்டாம் இடம் ரக்‌ஷிதா சுரேஷுக்கு. "சுருதியிலும் சங்கதியிலும் ரக்‌ஷிதாதான் மேல், நாட்டுப்புறத்தானுக்கு இரக்கத்தால் வாக்கு விழுந்துவிட்டது" என்று குறைபட்டவர்கள் உண்டு. நான் கேட்கிறேன்: தச்சனையும் கொல்லனையும் பக்கத்தில் நிறுத்திவைத்து, யார் நன்றாக இழைப்புளி பிடிக்கிறான் என்று சோதிப்பது எந்த ஊர் நியாயம்? ரக்‌ஷிதா தம் தொழிலிலே தேர்ந்தவர். செந்தில் தம் தொழிலிலே தேர்ந்தவர். திறந்தவெளியிலே, ஆயிரம் பேர் நடுவே, பறை முழக்கத்துக்கும் மேலே எழும்பிப் பாடிப் பழகிய குரலுக்குக் கண்ணாடி அறைக் குரலின் அளவுகோல் பொருந்துமா? பொருந்தாது. அவருக்கு விழுந்த வாக்கை இரக்க வாக்கு என்பது, வாக்களித்த மக்களின் காதையே பழிப்பதாகும்.

நான்காவது அருணா. 2023 ஆம் ஆண்டு வென்றவர். பெரியவர்களுக்கான அந்தப் போட்டியிலே பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தாம். எண்ணிப் பாருங்கள்! 2006 முதல் எட்டுப் போட்டிகள் நடந்தன. எட்டிலும் ஆண்களே வென்றார்கள். ஒன்பதாவதிலேதான் ஒரு பெண்! சிறுவர் போட்டியிலோ 2010 லேயே ஒரு சிறுமி வென்றுவிட்டாள். சிறுமி பாடினால் "நம் வீட்டுக் குழந்தை" என்று வாக்குப் போடுகிறோம். அவளே வளர்ந்து பெண்ணாகி வந்து நின்றால் நம் கை ஏன் தயங்குகிறது? வீட்டிலே தொலைக்காட்சியின் பொத்தான் யார் கையில் இருக்கிறது? வாக்குப் போடும் கைப்பேசி யார் சட்டைப் பையில் இருக்கிறது? ஆண் தோழர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளட்டும்.

இந்தப் போட்டிகளிலே எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழைப் போட்டியாளர் வந்தால், பாட்டுக்கு முன்னே அவர் வீட்டுக் கூரையைக் காட்டுகிறார்கள். தாயின் கண்ணீரைக் காட்டுகிறார்கள். பின்னாலே சோக இசையை ஒலிக்க விடுகிறார்கள். எதற்காக? உழைப்பவன் உலகத்தின் முன்னே கையேந்தி நிற்கவேண்டுமா? பால்வெட்டுத் தொழிலாளி தன் வறுமையைக் காட்டியா கூலி கேட்கிறான்? வெட்டிய மரத்தைக் காட்டிக் கேட்கிறான். பாடுகிறவனும் தன் பாட்டைக் காட்டிக் கேட்கட்டும். கண்ணீரைப் பார்த்து வாக்குப் போடாதீர்கள். குரலைக் கேட்டுப் போடுங்கள்!

இனி, நம் நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். நம் மண்ணின் பாட்டு எது? வில்லுப்பாட்டு! நீண்ட வில்லிலே மணிகள் கட்டி, வீசுகோலால் நாணைத் தட்டி, குடம், உடுக்கை, தாளம், கட்டை எல்லாம் சேர்ந்து முழங்க, விடிய விடியக் கதை சொல்லும் கலை. முத்துப்பட்டன் கதையிலே சாதியின் கொடுமையையும், நீலி கதையிலே வஞ்சிக்கப்பட்ட பெண்ணின் சீற்றத்தையும் பாமர மக்களுக்குப் பாடிக் காட்டிய கலை. அந்தக் கலைக்குப் போட்டி மேடையிலே இடம் உண்டா? ஒருவர் வந்து, ஒரு திரைப்படப் பாட்டைச் சில நிமிடங்களிலே பாடிவிட்டுப் போகும் மேடை அது. வில்லுப்பாட்டோ தனியாள் தொழில் அன்று. முன்னே ஒருவர் பாட, பக்கப்பாட்டுக்காரர் ஏந்திக்கொள்ள, குடக்காரர் தாளத்தால் தாங்க, ஐந்தாறு பேர் ஓருயிராக நின்றாலன்றி அந்த வில் பேசாது. அதிலே ஒருவரைப் பிரித்தெடுத்து "நீ முதல்வன், நீ வெளியே போ" என்று சொல்ல முடியுமா?

திரைப்படப் பாட்டு நமக்குப் பகையன்று. நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலிலே பிறந்த கே.வி.மகாதேவன்தானே 'கந்தன் கருணை' படத்துக்காக, இசையமைப்பாளருக்கான தேசிய விருதை முதன்முதலாகப் பெற்றவர்! நம்முடைய கேள்வி வேறு. திரைப்படப் பாட்டை மட்டுமே பாட்டென்று நாடு எண்ணிவிட்டால், மற்றப் பாட்டைத் தொழிலாகக் கொண்டவர்கள் வயிற்றுக்கு என்ன செய்வார்கள்?

இதற்கு விடை தேடத் தொலைவு போகவேண்டாம். அகஸ்தீசுவரம் வட்டத்துச் சரவணந்தேரியைச் சேர்ந்தவர் பூங்கனி. சிறுமியாக இருந்தபோதே வில்லைத் தொட்டவர். ஆண்கள் நிறைந்த கலையிலே முன்னே அமர்ந்து, வீசுகோல் ஏந்தி, ஊர் ஊராகக் கொடைகளிலே பாடியவர். பெண் முதலிடத்தில் அமர்வதைக் காணத் தொலைக்காட்சிக்கு 2023 வரை ஆயிற்று. நாஞ்சில் நாட்டு மக்கள் அதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டார்கள்! அந்தப் பூங்கனியின் முதுமை எப்படிக் கழிந்தது? வறுமையிலே கழிந்தது. எண்பது வயதைக் கடந்து, 2018 நவம்பரிலே மறைந்தார். அதே 2018 ஜூலையிலேதான் ஒரு நாட்டுப்புறப் பாடகருக்குப் பரிசு வீட்டின் சாவி கிடைத்தது. நான்கு மாத இடைவெளி! ஒரு கலைஞருக்கு மாளிகை. ஒரு கலைஞருக்கு வறுமை. செந்தில் பெற்றதிலே நமக்குப் பொறாமை இல்லை, அவர் வாழட்டும். ஆனால், ஒருவருக்குக் கிடைக்கும் பரிசு ஒரு தொழிலுக்குக் கிடைக்கும் கூலியாகிவிடுமா? ஆலை முதலாளி ஆண்டுக்கு ஒரு தொழிலாளியை அழைத்துத் தங்கப் பதக்கம் சூட்டிவிட்டு, மற்றவருக்குக் கூலியை மறந்துவிட்டால் சங்கம் சும்மா இருக்குமா?

ஆகவே தோழர்களே, போட்டியைப் பாருங்கள். பிடித்தவருக்கு வாக்குப் போடுங்கள். அதோடு மூன்று வேலைகளையும் செய்யுங்கள்.

ஒன்று: உங்கள் ஊர்க் கொடையிலே மின்விளக்குக்கும் வாடகை ஒலிபெருக்கிக்கும் கொட்டும் பணத்திலே ஒரு பங்கை வில்லுக்காரருக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். பேசிய தொகையை விடிந்ததும் கையிலே கொடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு: நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென 2007 இலே தமிழ்நாட்டரசு அமைத்த நல வாரியம் இருக்கிறது. உங்கள் கிளையின் எல்லைக்குள் வில்லடிப்பவர், குடம் அடிப்பவர், உடுக்கை அடிப்பவர் யார் யார் என்று கணக்கெடுங்கள். பதியாதவரைப் பதிய வையுங்கள். எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுங்கள்.

மூன்று: நம் கூட்டங்களிலே தலைவர் வரும்வரை பதிவு செய்த பாட்டைப் போட்டு ஓட்டுவதை நிறுத்துங்கள். அந்த நேரத்திலே உள்ளூர் வில்லை மேடையேற்றுங்கள். நெல்லைச் சீமையின் சுப்பு ஆறுமுகத்தைக் கலைவாணர் இப்படித்தான் கண்டெடுத்துச் சென்னைக்கு அழைத்துப் போனார். அந்த வில்லிசைப் புலவர் பிற்காலத்திலே 2021 ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2022 இலே மறைந்தார். கண்டெடுக்க ஓர் ஆள் இல்லாததால் வெளிச்சத்துக்கு வராமலே போன வில்லுக்காரர் எத்தனை பேரோ!

தொலைக்காட்சி மேடையிலே ஒருவர் வெல்ல, மற்றவர் எல்லோரும் வெளியேறவேண்டும். அது போட்டியின் விதி. நம் ஊர் வில்லிலே ஒருவர் விட்ட அடியை இன்னொருவர் எடுத்துப் பாடவேண்டும். அது உழைப்பின் விதி. பரிசு வாங்கியவரைப் பாராட்டுவோம். பாடிய அத்தனை பேருக்கும் கூலி வாங்கிக் கொடுப்போம்!