விட்டு விட்டு வரும் கோளாறு

கிடார் ஆம்ப்ளிஃபயரில் சத்தம் திடீரென்று அமுங்கி, கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வருகிறதா? பலரும் உடனே புது வால்வு வாங்க ஓடுகிறார்கள். வீண் செலவு! வால்வும் காரணமாகலாம்தான். ஆனால் இப்படி வந்து வந்து போகும் கோளாறு பெரும்பாலும் இணைப்புகளில்தான் ஒளிந்திருக்கும்.

1996-ல் வெளிவந்த ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸையே பாருங்கள். அதில் 'ப்ரீஆம்ப் அவுட்', 'பவர் ஆம்ப் இன்' என்று இரண்டு ஜாக்குகள். இரண்டாவதில் எதுவும் செருகாதபோது, சிக்னல் அதற்குள் இருக்கும் ஒரு சின்னத் தொடுமுனை வழியாகத்தான் போகிறது. அதில் களிம்பு ஏறினால் போச்சு! இரண்டு ஜாக்குகளையும் ஒரு சிறு கேபிளால் இணைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். சத்தம் நிலைத்து நின்றால் குற்றவாளி அந்தத் தொடுமுனைதான். பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

சூடேறிய பிறகுதான் தொல்லை என்றால் கதை வேறு. இதே மாடலில் இரண்டு 5 வாட் ரெசிஸ்டர்கள் எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் நாளடைவில் சால்டர் விரிசல் விடும். அரை மணி நேரமாவது ஓடவிடாமல், "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுக்கும் மெக்கானிக் சோதிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

(பழகாதவர்கள் பெட்டிக்குள் கைவைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் 400 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். ஆளையே கொல்லும்!)